ஒரு வீட்டுக்குப் போகாத போன்

பெரியவர் வீட்டில் எனக்கு நல்ல மரியாதை உண்டு, ஐயா. பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசுவார்.

ஆற்றின் அடியில் படிந்து கிடந்த ஈயச் சேற்றை அள்ளும் வேலை நடந்துகொண்டிருந்தது. அள்ளும்போது தண்ணீர் எவ்வளவு கெடுகிறது என்று பார்ப்பது என் பொறுப்பு. சேறு பரவாமல் ஆற்றுக்குள் திரை கட்டியிருந்தோம். அதைத் தாண்டிக் கலங்கல் போனால், ஆற்றிலிருந்து இறைக்கும் கரையோர வீடுகளுக்கு நான் போன் செய்ய வேண்டும். மோட்டார் போடாதீர்கள், லாரியில் தண்ணீர் வரும் என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சேறு, பெரியவர் மேனேஜராக இருந்த பேட்டரி தொழிற்சாலை கொட்டியது. என் தம்பி அங்கே தொட்டி கழுவினான். வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் வந்து எட்டிப் பார்த்தார். "சின்ன வயசுலயே இருந்திருக்கும்மா. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றார். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். மறுநாள் போய்விட்டான்.

திரை கிழிந்ததும் எல்லா வீட்டுக்கும் போன் செய்தேன், அவர் வீட்டைத் தவிர. திரையைச் சரிசெய்யப் பல வாரம் ஆயிற்று. அத்தனை நாளும் அப்படித்தான்.

இடையில் அவர் மருமகள் கூப்பிட்டாள்.

"அக்கா, பக்கத்து வீட்டுக்கு லாரி வந்துச்சே. நம்ம தண்ணி பரவாயில்லையா? பாப்பாவுக்குப் பால் பவுடர் கரைக்கணும்."

வீட்டு ஃபில்டர் கலங்கலைப் பிடித்துவிடும். பார்க்கத் தண்ணீர் பளிச்சென்று இருக்கும். கரைந்த ஈயத்தை அது பிடிக்காது, காய்ச்சினாலும் போகாது.

"நல்லாக் காய்ச்சிக் கரைம்மா" என்றேன்.

குழந்தைக்கு வலிப்பு வந்ததும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாவிட்டால் நன்றாக இருக்காது. பெரியவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணிய நீதானேம்மா பாத்த?"

"நான்தான் சார் பாத்தேன்."

ஆறுதலுக்குச் சொன்னதாக நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் தம்பியின் பெயரைச் சொன்னேன், அவன் பார்த்த வேலையையும் சொன்னேன். பெரியவர் வெகுநேரம் யோசித்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை.

குழந்தை பிழைத்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லையாம். பாவம், அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.