இடது டயரில் வைத்த பொட்டு

பேய் வர ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? மே மாதம், மத்தியானம் இரண்டு மணி. அல்வர் ஊர்ப் பக்கம் ஒரு கிளை ரோடு... அனல் காற்று. ஒரு மாடுகூட இல்லை. அன்பு, அந்த மெழுகுவர்த்தியை இப்படித் தள்ளு. நம்ம முனிர்காப் பேட்டையில் போன கரண்ட் லேசில் வராது.

நடந்தது என் சிநேகிதி ஜ்யோத்ஸ்னாவின் சித்தப்பா ராஜகோபாலனுக்கு. லோதி ரோடு ஆபீஸில் ரிட்டயர் ஆனதும், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. சித்தி இந்திராணிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

டயர் விஷயத்தில் மட்டும் சித்தி ராட்சசி. புறப்படுமுன் ஒவ்வொரு டயரிலும் மீட்டரை வைத்து... ஸ்ஸ்... காற்றுப் பார்ப்பார். திருப்தி என்றால் கோலம் போடும் சாக்பீஸால் ஒரு வெள்ளைப் பொட்டு. கேரவனின் இரண்டு டயருக்கு மட்டும் வைக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"மேல இருக்கற பட்டன் தேயலைன்னா டயர் புதுசுன்னு அர்த்தமா? இங்க பாருங்கோ, 1217. பதினேழாம் வருஷம் பன்னண்டாவது வாரம் பண்ணின டயர். ஏழு வருஷமாச்சு. நின்ன இடத்துலயே ரப்பர் கெட்டுப்போயிடுமாக்கும்!"

"அச்சா, அச்சா. மாத்திடறேன்."

மாற்றவில்லை. சோம்பல்தான், வேறென்ன! எண் மறையக் கறுப்பு பாலிஷை அப்பி, தானே இரண்டு பொட்டும் வைத்தார். "புது டயர் போட்டாச்சு" என்றார். சித்தி சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

அந்தக் கிளை ரோட்டில்... டொம்! கேரவனின் இடது டயர். காரையும் இழுத்துக்கொண்டு கேரவன் உருண்டது. கருகிய ரப்பர் நாற்றம். சித்தி அங்கேயே போய்விட்டார். இவருக்கு இரண்டு காலும் போயின.

ஜ்யோத்ஸ்னா அவரைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்தாள். அவளிடம் மட்டும் ஒருநாள் உடைந்து அழுதார், பாவி மனுஷன். "அவ என்னை நம்பிண்டே போனாடி. நான் ஏமாத்தினது அவளுக்குத் தெரியாது. எனக்கு மிச்சம் இருக்கற ஆறுதல் அது ஒண்ணுதான்."

இப்போது அவருக்குச் சக்கர நாற்காலி. சக்கரத்தில் கெட்டி ரப்பர், காற்றே கிடையாது. ஆள் தூக்காமல் அவரால் கட்டிலைவிட்டு இறங்க முடியாது. ஒரு விடியற்காலை, கட்டில் பக்கத்தில்... ஸ்ஸ்... கொஞ்சம் கழித்து இன்னொரு ஸ்ஸ்... விளக்கைப் போட்டால் இரண்டு சக்கரத்திலும் வெள்ளைப் பொட்டு.

தினமும் வந்தது. அவர் பயப்படவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இன்னும் என்னைப் பாத்துக்கறா" என்று குழந்தை மாதிரி பூரித்துப்போவார். பொட்டு அழிந்துவிடுமே என்று பாதி நாள் நாற்காலியில் உட்காரவே மாட்டார்.

சித்தியின் முதல் திவசத்தன்று காலை ஜ்யோத்ஸ்னா காபியோடு போனாள். அறை முழுக்கக் கருகிய ரப்பர் நாற்றம். சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டதும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

வலது சக்கரத்தில் பொட்டு இருந்தது. இடது சக்கரத்தில் இல்லை. அதில் கறுப்பு பாலிஷ்... ஈரமாக, பளபளவென்று.

ஜ்யோத்ஸ்னா முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். அடியில், துடைத்தும் அழியாமல், சித்தியின் கையெழுத்தில் சாக்பீஸால் எழுதியிருந்தது... 1217.