மொட்டையான பப்பாளி மரம்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கிளினிக். டிங்கி (டெங்கு) காய்ச்சல் பரிசோதனைக்காகக் காத்திருந்தபோது, காய்ச்சலில் நடுங்கிய ஒருவரும் அவர் மனைவியும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“மூணு நாள்ல பப்பாளி மரத்தையே மொட்டை அடிச்சிட்டீங்க.”

“இலைச்சாறு குடிச்சா டிங்கி ஓடிடும்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு லா. காப்பார்ல இருக்கிற மச்சானும் அதையேதான் அனுப்பினான்.”

“அவருக்கு அனுப்பினதே நீங்கதான்! உங்க மெசேஜ் சுத்திட்டு உங்ககிட்டயே வந்திருக்கு.”

தாதி கணவரின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தவர் தள்ளாடினார். மனைவி சட்டென்று தாங்கிக்கொண்டார். அதுவரை மனைவியின் முகத்தில் இருந்த கேலிச் சிரிப்பு போய்விட்டது.

“குரூப்புல போட்டுடும்மா. காய்ச்சல்னா உடனே கிளினிக் போகணும்னு.”

“நான் சொன்னா யாரு நம்புவா? யாரோ பெரிய டாக்டர் சொன்னாருன்னு போடுறேன், நடங்க” என்றபடி மெதுவாக உள்ளே அழைத்துப்போனார்.