‘பழைய துணி’ என்று நான் எழுதிய பதினொரு படங்கள்

ஓடுகிறேன். ஒரு காலில் செருப்பில்லை. செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று நாற்பத்திரண்டு. கிடங்கில் இருக்கும் அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறுகின்றன. மணிச்சத்தம் இல்லை அது, ராக்கெட் எச்சரிக்கை. தகரத்தைத் தரையில் போட்டு இழுக்கிற சத்தம். வானத்தில் முதல் வெடி. தூரத்தில். ஒரே ஒரு ‘டும்’. நாலு விநாடி ஒன்றுமில்லை. இரண்டாவது வெடியில் கூரைத் தகடுகள் கடகடவென்று அதிர்கின்றன.

“அக்கா! பம்ப் ரூமுக்கு ஓடுங்க! அங்கதான் காங்கிரீட்டு!”

கத்துவது செல்வம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ராமநாதபுரத்துக்காரன். எஞ்சினை அணைக்காமலே குதித்துவிட்டான். வாசலில் டிரெய்லர் டிரைவர் கான் பாய் நிற்கிறார். “ஜல்தி! ஜல்தி! யல்லா!” அவர் கை பம்ப் ரூமைக் காட்டுகிறது. நான்கு பேரும் உள்ளே விழுந்தோம். செல்வம், கான் பாய், நான், மாங் டெல்ஃபின்.

இதை எழுதி வைக்கிறேன். நான்கு பேர். டெல்ஃபினும் உள்ளே வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவர் வெளியிலேயே நின்றுவிட்டார் என்று பிற்பாடு ஒரு பேப்பரில் எழுதினார்கள். பொய்.

நான் நஸீமா. நாகூர். ஷார்ஜாவில் என் நானா, அதாவது என் அண்ணன், கார்கோ கடை வைத்திருக்கிறார். பதினாறு வருஷமாக அங்கே பெட்டி கட்டுகிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசி பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களுக்குப் பெட்டி என்றால் உயிர். ஆள் ஊருக்குப் போக முடியாத வருஷத்திலும் பெட்டி போய்விடும். சோப்பு, துண்டு, டின் மீன், பிள்ளைக்கு ஷூ. ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே என்ன என்று நான்தான் லிஸ்ட் எழுதுவேன். என்ன இருந்தாலும் ஒரே வரிதான்: ‘பழைய துணி, வீட்டுச் சாமான்’. அப்படி எழுதினால் யாரும் பிரிப்பதில்லை. கை தானாக எழுதும்.

மாங் என்பது அவர்கள் பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல். டெல்ஃபினுக்கு வயது அறுபத்தாறு. இருபத்திரண்டு வருஷமாக இங்கே போர்டு எழுதும் கம்பெனியில் டூட்டி. மீன் கடைச் சுவரில் மீன். மால் வாசலில் ஒட்டகம். அந்த ஒட்டகத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியாது, அவர் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் அவர் எழுதிய சுவர்ச் சித்திரத்தைப் பார்த்து வளர்கிறார்கள் என்று. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் மணிலாவிலிருந்து ஒரு டி.வி.க்காரி கேமராவோடு எங்கள் கடைக்கே அவரைத் தேடி வந்தாள். அன்றுதான் தெரிந்தது. அவ்வளவு பெரிய ஆள் என் கடையில் டேப் அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்டில் கலைஞனுக்கு அரசே பட்டம் கொடுக்கிறது. செத்தால் கொடி போர்த்துகிறது. ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டேன். பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷில் சொன்னார். முன்னூறு வருஷம் ஒருத்தன் ஆண்டான். பிறகு இன்னொருத்தன். நடுவில் மூன்றாவதாக ஒருத்தன். வந்தவனெல்லாம் பெயரை மாற்றினான், பாஷையை மாற்றினான். நாட்டைப் பாடக்கூடாது என்றபோது காதலிக்குப் பாடுவதுபோல நாட்டுக்குப் பாடினார்கள். ஊர் ஊராக நடந்து ஆட்டங்களைக் கற்று எழுதி வைத்தார்கள். நாற்று நடுகிற பெண்களை வெயிலோடு வரைந்தார்கள். இது எங்கள் வெயில் என்று சனங்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டார்களாம். “எங்க நாட்டை எங்களுக்குக் காட்டினதே அவங்கதான், சிஸ்டர்.” அவர் சொன்னதில் இது ஒன்றுதான் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவில் இருக்கிறது.

அந்த வரிசையில் தானும் ஒன்று வைக்க நினைத்தார். அவர்கள் ஊரில் மே மாதம் ஓர் ஊர்வலம் உண்டு. பெண்பிள்ளைகள் ராணி வேஷம் கட்டி, தலைக்கு மேல் பூ வளைவு பிடிக்க நடந்து போவார்கள். டெல்ஃபின் வரைந்த ராணிகள் வேறு. வளைகுடாவில் வேலை பார்க்கும் பெண்கள். வேஷம் கிடையாது. டூட்டி உடுப்பிலேயே. தலைக்கு மேல் மட்டும் பூ வளைவு. ஒன்பது வருஷம், லீவு நாட்களில், ஆறு பேர் இருக்கும் ரூமில் திரை கட்டிக்கொண்டு வரைந்தார். பதினொரு படம். வரைந்து முடித்ததை அந்தப் பெண்களுக்கே காட்டவில்லை. போனில் படம் எடுக்க விடவில்லை. முதலில் ஊர் பார்க்க வேண்டும், பிறகுதான் போன் என்று பிடிவாதம். அவர் நாட்டு அரசுக் காட்சிக்கூடம் ஒரு தனி அறை ஒதுக்கிவிட்டு அந்தப் பதினொன்றுக்கும் காத்திருந்தது.

அப்போதுதான் சண்டை வந்தது.

சண்டையின் ஒன்பதாம் நாள். விமானம் இல்லை. வளைகுடாவின் உள்பக்கத் துறைமுகங்களிலிருந்து கப்பல் இல்லை. சரக்கெல்லாம் ரோடு வழியாக ஓமனுக்கு, சோஹாருக்குப் போய் அங்கே கப்பல் ஏற வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு டிரெய்லர். அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஓவியம் என்று எழுதி அனுப்ப வேண்டுமானால் கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம், ஒரு கடிதம், ஆபீஸில் ஒரு முத்திரை, கான்சுலேட்டில் இன்னொரு முத்திரை. எல்லாம் பூட்டிக் கிடந்தது.

“பெட்டியில போட்ருவோம் மாங். பெட்டி தவறாது.”

சொன்னது நான். வேறு யாரும் இல்லை. வாய்க்கொழுப்பு.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடை மேஜையில் பதினொன்றையும் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். பிறகு சுருட்டி பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டார். குழாய்களைச் சுற்றித் துண்டுகள். மூன்று பெட்டி. பெட்டி மூலையில் ஒரு சின்னப் பூ போட்டுக்கொள்கிறேன் என்று பிரஷை எடுத்தார். வேண்டாம் என்றேன். குறி போட்டால் கஸ்டம்ஸ்காரன் பிரிப்பான். பிரஷைத் துடைத்து வைத்துவிட்டார். மூன்றிலும் நான் எழுதினேன். பழைய துணி, வீட்டுச் சாமான். மற்ற இருநூற்றுச் சொச்சம் பெட்டியிலும் அதையேதான் எழுதியிருந்தேன்.

செவ்வாய் காலை தன் பெட்டிகள் டிரெய்லரில் ஏறுவதைப் பார்க்க அவரும் கிடங்குக்கு வந்தார். வராதீங்க என்று நானா சொன்னார். கேட்கவில்லை.

இப்போது பம்ப் ரூம். பதினொன்று நாற்பத்தேழு. அலறல் நின்றுவிட்டது. முடிந்தது என்று நினைத்தோம். கான் பாய் கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். டெல்ஃபின் எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். பிடித்தேன். அதையும் எழுதி வைக்கிறேன். சட்டை என் கையிலிருந்து நழுவியது.

“மாங்! மாஃபி, வேணாம்! கிடங்குக்குள்ள போகாதீங்க! மாங்!”

“அக்கா, நீங்க வராதீங்க! நான் புடிக்கிறேன்!”

செல்வம் அவர் பின்னால் ஓடுகிறான். பதினொன்று நாற்பத்தொன்பது. மூன்றாவது சத்தம். இது வெடி இல்லை. முதலில் ஒரு நீளமான கிழிசல். பிறகு கூரையில் ஒரு ‘சடார்’. வானத்தில் ராக்கெட்டைத் தடுத்து உடைத்தார்களே, அதன் துண்டு. ஒரு ஆள் உயரம் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். கூரைக்கு உள்ளே வெப்பம் தாங்க வைத்திருந்த நுரை பற்றிக்கொண்டது. கறுப்புப் புகை. எரிந்து எரிந்து சொட்டியது. ஷட்டரைத் தூக்கப் போன செல்வத்தின் இரண்டு உள்ளங்கையும் அதில் ஒட்டிக்கொண்டு உரிந்தன. அவன் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

டெல்ஃபின் ஒரு பெட்டியை வாசல் வரைக்கும் இழுத்து வந்திருந்தார். அதன் மேலேயே விழுந்து கிடந்தார். உடம்பில் பெரிய காயமில்லை. புகை. கான் பாயும் நானும் காலைப் பிடித்து வெளியே இழுத்தோம். பெட்டியும் கூடவே வந்தது, ஏனென்றால் அவர் கை அதை விடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது பன்னிரண்டு பத்து. அதற்கு முன்னாலேயே போய்விட்டார்.

பெட்டியை நான்தான் பிரித்தேன். அந்த ரோட்டோரத்திலேயே. பல்லால் டேப்பைக் கடித்து.

ஆறு துண்டு. பன்னிரண்டு சோப்பு. ஒரு குழந்தை ஷூ, ரோஸ் கலர். அபுதாபியில் வீட்டு வேலை பார்க்கும் ஒரு பெண் மகளுக்கு அனுப்பியது.

அவருடைய பெட்டி இல்லை. புகையில் எது தன்னுடையது என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து. ஒரு பூப் போட விட்டிருந்தால் போதும். நான் விடவில்லை.

ராக்கெட் விட்டவன் அன்று மாலை டி.வி.யில் பேசினான். இலக்கைத் தொட்டுவிட்டானாம். தடுத்தவனும் பேசினான். முழுசாகத் தடுத்துவிட்டானாம். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள். அப்படியென்றால் மார்ச்சுவரியில் கிடப்பது யார்? எவனுடைய வெற்றி அது? இன்றைக்கும் யாராவது கடையில் வந்து நின்று, இவன் செய்தது சரி, அவன் செய்தது சரி என்று நியாயம் பேசினால், வெளியே போ என்று சொல்லிவிடுகிறேன். நானாவுக்கு இதில் வருத்தம். வியாபாரம் படுத்துவிடும் என்கிறார். படுக்கட்டும்.

அரசு அறிக்கை இரண்டு வரி. ஒரு வெளிநாட்டவர் மரணம். சிறிய அளவில் பொருட்சேதம்.

வியாழக்கிழமை அந்த அறிக்கை எழுதிய ஆபீஸுக்குப் போனேன். சிறிய அளவு இல்லை, பதினொரு ஓவியம், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். என் லிஸ்டை என் பக்கம் திருப்பி வைத்தார். கீழே என் கையெழுத்து. “பேப்பர்ல துணிதான் இருக்கு, சிஸ்டர். கலாஸ், முடிஞ்சது.” நான் மறுபடியும் சொன்னேன். அவர் மறுபடியும் விரலை அந்த வரியில் வைத்தார். பக்கத்தில் நின்ற நானா என் கையை அழுத்தினார். “விடு புள்ள. பொய்யா எழுதுனேன்னு நீயே சொல்லிக் குடுக்கிறியே, கடைய மூடிடுவானுவ.” விடவில்லை. பொய்யாகத்தான் எழுதினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை.

பிறகு மணிலாவிலிருந்து அந்தக் காட்சிக்கூடத்துக்காரர்கள் கேட்டார்கள். அறையில் என்ன எழுதி வைப்பது? படம்தான் இல்லை, என்ன படம் என்றாவது சொல்லுங்கள் என்று. அவற்றை அவர் விரித்துக் காட்டிய ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். ஓவியம் பற்றி எனக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு ஆள் படம்கூடக் கிடையாது. இருந்தாலும் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

சூப்பர் மார்க்கெட் கேஷியர் மாரிவிக். தலைக்கு மேல் மல்லிகை வளைவு. பில் மெஷினில் வைத்த கையை எடுக்காமல் நம்மைப் பார்ப்பாள். ஹோட்டல் ரூம் துடைக்கிறவள், துடைப்பத்தைச் செங்கோல்போல நட்டு வைத்திருந்தாள். கத்தாரில் ராஸ் லஃபான் கேம்ப்பில் சமையல்காரி, ஐம்பது வயது, வளைவு முழுக்கக் காகிதப் பூ. ஒரு நர்ஸ், முகத்தில் மாஸ்க் அழுத்திய கோடு. பிள்ளை பார்க்கிறவள், இடுப்பில் இன்னொருத்தியின் பிள்ளை. அந்தப் பிள்ளை அவள் காதுத் தோட்டை இழுக்கும். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண், அவள் மட்டும்தான் சிரித்தாள். சலாலாவில் துணி தைக்கிறவள், வாயில் குண்டூசி. பெட்ரோல் பங்க்கில் நிற்கிறவள். விமான நிலையத்தில் தள்ளுவண்டி தள்ளுகிறவள், அவள் வளைவில் மட்டும் பூ எல்லாம் மொட்டு.

ஒன்பது.

போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். சலூனில் வேலையாம். பெயர் லிகாயா. மாங் தன்னையும் வரைந்தார் என்றாள். நான்கு லீவு நாள் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். தன் தலைக்கு மேல் என்ன பூ என்று கேட்டாள். அது மட்டும்தான் அவளுக்கு வேண்டும்.

எனக்குத் தெரியவில்லை. அந்தத் திங்கட்கிழமை மாலை கடையில் கூட்டம். டெல்ஃபின் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் வேறு யாருடைய பெட்டிக்கோ லிஸ்ட் எழுதிக்கொண்டு, ம், ம், நல்லா இருக்கு மாங் என்றேன். நிமிரவில்லை. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அவர் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சுருட்டினார்.

லிகாயாவிடம் இதைச் சொன்னேன். அவள் திட்டியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள்.

இறந்தவர் ஒருவர். டெல்ஃபின், ஓவியர், வயது அறுபத்தாறு. செல்வத்தின் இரண்டு கை, அதில் ஒன்று இனி மடங்காது. படம் பதினொன்று. அதில் ஒன்பதை நான் பார்த்தேன். இரண்டை, வரைந்தவரைத் தவிர, ஒருவரும் பார்க்கவில்லை. என் முகத்துக்கு நேராகத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.