ரெண்டு பட்டியலிலும் ஒரே பேர்

— இல்ல சார், நல்லாப் பாருங்க. நான் கணக்கும் படிக்கிறேன், கம்ப்யூட்டரும் படிக்கிறேன். ரெண்டுல ஒண்ணுலயாவது என் பேரு இருக்கணும்ல?

— அதைத்தாம்மா நானும் தேடுறேன். கணக்குல இல்ல. கம்ப்யூட்டர்ல... ம்ஹூம். நீ இந்தக் காலேஜ்தானா?

— சார்! மூணு வருஷமா இங்கதான் குப்பை கொட்டுறேன். நாளைக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட் இல்லாட்டி வாசல்லயே நிறுத்திடுவாங்க, ஒரு வருஷம் போச்சு.

— பதறாத தாயே. கணக்கு டிபார்ட்மென்ட்ல கேட்டியா?

— கேட்டேன். கம்ப்யூட்டர்ல போய்க் கேளுன்னாங்க. அங்க போனா, கணக்குல கேளுங்கிறாங்க. மாடிப்படி ஏறி இறங்கியே முட்டி கழண்டு போச்சு.

— வேற யாரும் இப்படி வந்து நிக்கலையே!

— எப்படி வருவாங்க? ரெண்டையும் சேர்த்துப் படிக்கிறது நான் ஒருத்திதான். அதுவும் இந்த வருஷம்தான் சேர்த்தேன்.

— ஏன், ஒண்ணு படிச்சாப் போதாதா? சரி சரி, முறைக்காத. இரு... அட, இங்க இருக்க பாரு! நீக்கினவங்க பட்டியல்ல.

— நீக்கிட்டாங்களா? யாரு? எதுக்கு?

— யாருமில்லம்மா, புரோகிராம். டிபார்ட்மென்ட் மாறுற பசங்க பேரு ரெண்டு இடத்துலயும் நிக்குதுன்னு வச்சதாம். ஒரே ரோல் நம்பர் ரெண்டு லிஸ்ட்லயும் இருந்தா தூக்கிடும். அதுக்கப்புறம் யாரும் மாறலையாம், அதான் இதுவரை தெரியல.

— அதாவது, ஒண்ணுலேர்ந்துதானே தூக்கணும்? ரெண்டுலயும் தூக்கினா ஆளே இருக்க மாட்டாளே! எந்த அறிவாளி சார் எழுதினது?

— நான் வந்தே மூணு மாசம். இந்த சீட்ல முன்னாடி இருந்த மேடம் சொன்னாங்க, ரெண்டு வருஷம் முன்னாடி, அப்போ முதல் வருஷம் படிச்ச பொண்ணு ஒண்ணு பிராஜெக்ட்டுக்காக எழுதிக் குடுத்ததாம். வகுப்புல முழு மார்க்காம்!

— ...முழு மார்க்கா?

— கூத்தைப் பாரேன். என்னம்மா, முகமே செத்துப் போச்சு? கவலைப்படாத, அந்தப் பொண்ணு போன் நம்பரை மேடம் இங்க ஒட்டி வச்சுட்டுத்தான் போயிருக்காங்க. கூப்பிட்டு நல்லா நாலு கேள்வி கேக்குறேன்.

— வேணாம் சார். கூப்பிடாதீங்க.

— சும்மா இரு, உனக்காகத்தானே! ம்... ரிங் போகுது. ஏம்மா, முதல்ல உன் பையில அடிக்கிற போனை நிறுத்து, இங்க ஒண்ணுமே கேக்கல.