பிளேனுக்கு வெத்தலை

“பிளேன்ல வெத்தலையைத் துப்பக் கூடாது மாமா, முழுங்கிருங்க.”

திருநகரில் பஸ் ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்த பெண் புருசனிடம் சொன்னாள். அவர் மடியில் புதுப் பெட்டி. சளியில் குரல் கட்டியிருந்தது. ரயிலில் பம்பாய் போய், அங்கிருந்து துபாய்க்குப் பறக்கிறாராம். வேலைக்கு.

“வெத்தலை எதுக்குடி?”

“சளியோட ஏறுனா காது அடைச்சுக்கிருமாம். மென்னுக்கிட்டே இருந்தா விட்டுருமாம். சோழவந்தான் வெத்தலை, ஈரத்துணியில சுத்தி வச்சிருக்கேன்.”

“பக்கத்துல இருக்கவன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். நொச்சி எலை போட்டு ஆவி பிடிங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டீகளா?”

“காது தானா சரியாயிரும். அதுக்குப் போயி இம்புட்டுக் கவலையா?”

“பெட்டியில ஒரு கேசட் இருக்கு. அங்க போயி கேளுங்க. பாப்பா ‘அப்பா’ன்னு சொல்றதை எதுத்த வீட்டு டேப்புல பிடிச்சு வச்சிருக்கேன்.”

“பாப்பா பேசுச்சா? எப்ப?”

“நேத்து. நீங்க டவுனுக்குப் போயிருந்தப்ப.”

அவர் பெட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் கையை நீட்டினார்.

“ஒரு வெத்தலை குடு. இப்பருந்தே மெல்லுறேன்.”