நாற்பத்தோராம் குழியில் மழை

மண்ணெடுத்து எங்களை வனைந்தவரே, மண்ணுக்குள் மறைந்தோரையும் பெயர் சொல்லி அறிந்தவரே, எங்கள் துயரத்தின் நடுவே எழுந்தருளும்!

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் அவர்களே, அக்காவை இழந்து நிற்கும் எட்மண்ட் அவர்களே, சஃபோக் வயல்களின் சேற்றோடு நேரே இங்கு வந்திருக்கும் தோழர்களே!

தொல்லியல் ஆய்வாளர் முனைவர் ஹெஸ்டர் ஆல்டஸ் மறைந்தார். முப்பதாண்டுகள் அவரோடு மண்ணைச் சுரண்டியவன் நான், என்ன சொல்வேன்?

கடல் காற்றாலைகளின் மின்சாரம் கரையேறி வரும் வழியெங்கும், கம்பி புதைக்குமுன் பழங்காலத் தடயம் உண்டா என்று சோதனைக் குழிகள் வெட்டிப் பார்ப்பது எங்கள் பணி. ஒரு ஜூலையில் நாற்பத்தோராம் குழியைப் பார்த்து, ‘ஒன்றுமில்லை’ என்று கையொப்பமிட்டார் ஹெஸ்டர். காய்ந்த களிமண் ஒரே நிறமாய்க் கிடந்தது. முன்பு தோண்டி மூடிய இடம் ஈரம் பட்டால்தான் கறுத்துக் காட்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரே அவர்! அவரா தவறினார்? ஆம், அவரே தவறினார்.

மறுநாள் காலை குழியை மூடத் தொடங்கினார்கள். பாதி மூடியபோது மழை பிடித்தது. மீதிப் பாதியில், முழ நீளக் கருநிறக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தெளிந்தன.

“டெரெக், வாளியத் தூக்கு!” என்று மண் தள்ளும் இயந்திரத்தை நோக்கி ஓடினார் ஹெஸ்டர்.

அதை ஓட்டிக்கொண்டிருந்த டெரெக் எட்டிப் பார்த்தார். “என்ன டாக்டரம்மா, நேத்துதானே ஒண்ணுமில்லன்னீங்க? கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்தீங்களா?”

“கண்ணாடி இருந்துச்சுப்பா. பொறுமைதான் இல்ல.”

கட்டுமானப் பொறியாளர் கொதித்தார். “மூணு வாரம் தள்ளிப் போகும். உங்க தப்புன்னு மேல எழுதுவேன். அடுத்த வேலைக்கு உங்கள யாரு கூப்பிடுவா?”

“நானே இப்பதான் எழுதி அனுப்பிட்டேன். உங்களுக்கும் ஒண்ணு வேணுமா?”

ஒன்பது கல்லறைகள்! ஒன்பதும் குழந்தைகள்! எந்த ஏட்டிலும் இல்லாத பிள்ளைகள். ஹெஸ்டர் சேற்றில் மண்டியிட்டு, தம் மழைச்சட்டையைக் கழற்றி, ஆகச் சிறிய கட்டத்தின்மேல் விரித்தார். நனைந்தபடியே இருந்தார். டெரெக் இயந்திரத்தை அணைத்துவிட்டு, இறங்கி வந்து தம் சட்டையை அடுத்ததன்மேல் விரித்தார்.

பொறியாளர் சொன்னபடியே எழுதினார். இரண்டாண்டுகள் ஹெஸ்டரை எவரும் அழைக்கவில்லை. ஆனால் மின்கம்பி பன்னிரண்டு மீட்டர் விலகிச் சென்றது. வேலையற்ற அந்த இரண்டாண்டுகளுக்காக அவர் ஒரு நாளும் வருந்தியதில்லை, நான் அறிவேன்.

அன்பர்களே, திங்கட்கிழமை துணைமின் நிலையம் எழவிருக்கும் வயலில் இறங்குகிறோம். நனையாத மண்ணை நம்பி ‘ஒன்றுமில்லை’ என்று எழுதமாட்டோம். தவறினால், பிறர் சொல்லுமுன் நாமே சொல்வோம். இது அவருக்கு நாம் தரும் வாக்கு!

ஆண்டவர் உங்களையும் உங்கள் இல்லத்தாரையும் காப்பாராக. உங்கள் வீடுகளில் விளக்கு எரியட்டும்; அந்த ஒளிக்காக எந்தப் பிள்ளையின் உறக்கமும் கலையாதிருக்கட்டும்.