புகைச் சான்றிதழும் ஒரு பிள்ளையின் மூச்சும்

அவையின் நடுநாயகமாக வீற்றிருந்து, நான் நேரம் தாண்டினால் மணியடிக்கக் காத்திருக்கும் தலைவர் உமாசங்கர் அவர்களே! ஞாயிற்றுக்கிழமை உறக்கத்தைத் துறந்து வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் தெலுங்கில் பதில் சொன்னாலும் தமிழில் திட்டத் தவறாத தாய்மார்களே! ஏ.எஸ்.ராவ் நகர் ஞாயிறு தமிழ் வகுப்பின் செல்வங்களே! உங்கள் லலிதா டீச்சர் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

தமிழின் பெருமையைப் பேசச் சொன்னார்கள். நான் என் காரைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள்! வாராவாரம் ஐந்து பிள்ளைகளை வகுப்புக்குச் சுமந்து வருவது எது? மழையென்றும் வெயிலென்றும் பாராமல் வருவது எது? அந்த இருபத்தைந்து வயது மாருதிதானே?

போன மாதம் அந்த ஐவரில் ஒருத்தியான ஸ்ரேயாவின் தாய் புஷ்பா என் வீட்டுக்கு வந்தார். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். உங்க வண்டிப் புகையில இவளுக்கு வீசிங் வந்துடுது. இனிமே வகுப்புக்கு அனுப்பல" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. எழுத்தைக் கொடுக்கப் போன நான், ஒரு பிள்ளையின் மூச்சையல்லவா எடுத்திருக்கிறேன்!

அன்றே புகைப் பரிசோதனை வேனுக்கு ஓட்டினேன். புகையில் நச்சுவாயுவின் அளவு மூன்று சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஆறைத் தாண்டியது. அந்தத் தம்பி மெல்லச் சொன்னார்: "டெஸ்ட் அக்கர்லேது மேடம். நம்பர் பிளேட் ஃபோட்டோ தீஸ்கொனி பேப்பர் இஸ்தானு." சோதிக்காமலே, நம்பர் பிளேட்டைப் படமெடுத்துச் சான்றிதழ் தருகிறாராம்! எனக்கு வேண்டியது தாளா? தாளைக் காட்டினால் பிள்ளையின் நெஞ்சு அடைக்காமல் இருக்குமா? "நக்கோ பாபு", வேண்டாமப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மெக்கானிக் முகமது யூசுப் பாய் ஏர் ஃபில்டரை மாற்றினார். அவருடைய ஷெட்டில் பார்த்தால் புகையே இல்லை. வேனில் மறுபடி தோல்வி. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஷெட்டில் வெற்றி, வேனில் தோல்வி! "ஊரே ஹைடெக் சிட்டி சம்பளத்துல புதுக்கார் வாங்குது, இதைத் தள்ளிவிடேன்" என்றார் என் கணவர் ராஜகோபால். அதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிகிறார்! தள்ளமாட்டேன் என்றேன். குற்றம் எங்கே என்று தெரியாமல் விடமாட்டேன் என்றேன்.

மூன்றாம் முறை யூசுப் பாயையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் அவர் அலறினார்: "யே கைக்கு லட்காயே அம்மா?" இதை ஏன் இங்கே மாட்டினீர்கள் என்கிறார். பார்த்தால், என் தமிழ்ப் பாடப்புத்தகப் பை! எங்கே? சோக் குமிழில்! குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப மட்டும் இழுக்க வேண்டிய குமிழ் அது. வெளியே இழுபட்டிருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் பாய்ந்து புகை கக்கும். ஷெட்டில் வண்டியில் ஏறியதும் அவர் அதைப் பழக்கத்தில் உள்ளே தள்ளிவிடுவார். வெளியே வந்ததும் நான் பையை மாட்டிவிடுவேன். எத்தனை வருடமாக? கேட்காதீர்கள் தாய்மார்களே, உங்களில் எத்தனை பேருடைய கைப்பை இப்போது அங்கே தொங்குகிறது?

குமிழை உள்ளே தள்ளி, பையை மடியில் வைத்துக்கொண்டு வேனுக்குப் போய், அந்தத் தம்பியிடம் "குழாயை வைத்துப் பார்" என்றேன். ஒன்று புள்ளி எட்டு!

அந்தச் சான்றிதழை நான் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோகவில்லை, புஷ்பா வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். அவர் தாளை வாங்கவே இல்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க டீச்சர்" என்றார். வண்டிக்குப் பின்னால் போய், புகைக்குழாய் அருகே குனிந்து, முகத்தை நீட்டி மோந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நான் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நிமிர்ந்து மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்: "ஸ்ரேயா! செருப்பைப் போட்டுக்கிட்டு வா, டீச்சர் வந்திருக்காங்க!"

"வஸ்துன்னா!" வருகிறேன் என்று தெலுங்கில் குரல் வந்தது. இருக்கட்டும். அவள் மூச்சு வாங்காமல் என் வண்டியில் வரட்டும். தமிழை நான் பார்த்துக்கொள்கிறேன்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இன்னும் மணியடிக்காத தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.